ஹெர்மிடாஜ் பூனைகள்: அரண்மனைக்குக் கீழே ஒரு குடும்பம்

உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்கள் என்று ஒரு பட்டியல் போட்டால், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் இருக்கும் ஹெர்மிடாஜ் கண்டிப்பாக அதில் வரும். லியனார்டோ டாவின்சி, ரெம்ப்ராண்ட், மத்தீஸ் என்று பெரிய பெரிய ஆட்களின் ஓவியங்கள். மொத்தம் சுமார் 30 லட்சம் பொருட்கள். ஆனால் அந்தக் கட்டிடத்தின் அடித்தளத்தில் இன்னொரு கூட்டமும் குடியிருக்கிறது. டிக்கெட் எடுத்து உள்ளே போகிறவர்களில் பெரும்பாலோர் அதைப் பார்த்ததில்லை. சுமார் 50 பூனைகள்!

இவை ஜாதிப் பூனைகள் இல்லை. யாரும் காசு கொடுத்து வாங்கியதும் இல்லை. தெருவில் கிடந்தவை, வீட்டில் வளர்க்க முடியாமல் யாரோ கொண்டுவந்து விட்டுப் போனவை, குளிருக்கு ஒதுங்கி வந்தவை. இவற்றுக்குத் தனி அறைகள், தனிச் சமையல், சின்னதாக ஒரு மருத்துவ அறை, புகைப்படம் ஒட்டிய அட்டை எல்லாம் உண்டு. இது எப்படி வந்தது என்று பின்னோக்கிப் போனால் 280 வருடத்துக்கு மேற்பட்ட கதை ஒன்று கிடைக்கிறது. அதில் ராணிகள் வருகிறார்கள், போர் வருகிறது, பஞ்சம் வருகிறது. கடைசியில் கையில் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு சில சாதாரண அலுவலர்கள் வருகிறார்கள்.

ராணியின் உத்தரவு

1703ல் மகா பீட்டர் மன்னர் நேவா ஆற்றின் முகத்துவாரத்தில், சதுப்பு நிலத்தில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தை உருவாக்க ஆரம்பித்தார். ஆற்றங்கரை, துறைமுகம், தானியக் கிடங்குகள், மரத்தால் ஆன கட்டிடங்கள். எலிகளுக்கு இதைவிட நல்ல ஊர் எங்கே கிடைக்கும்?

பீட்டரின் மகள் எலிசபெத் ராணியாக இருந்தபோது அரண்மனையில் எலித்தொல்லை தாங்க முடியாமல் போய்விட்டது. 1745ல் அவர் ஒரு உத்தரவு போட்டார். கசான் நகரத்திலிருந்து எலி பிடிப்பதில் கெட்டிக்காரப் பூனைகளாக, நல்ல பெரிய பூனைகளாக 30 பிடித்து அரண்மனைக்கு அனுப்ப வேண்டும் என்பது உத்தரவு. கசான் பூனைகளுக்கு அப்போதே ரஷ்யாவில் நல்ல பெயர். வோல்கா ஆற்றங்கரையில் இருக்கும் அந்த ஊரில் 2009ல் கசான் பூனைக்கு ஒரு சிலையே வைத்திருக்கிறார்கள்.

இந்த உத்தரவில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, வரவேண்டிய ஆண் பூனைகள் விதை நீக்கப்பட்டவையாக இருக்க வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அப்படிப்பட்ட பூனை ஊர் சுற்றாது, இருக்கிற இடத்திலேயே தங்கும். இரண்டாவது இன்னும் முக்கியம். பூனைகளை மட்டும் அனுப்பினால் போதாது, அவற்றைப் பார்த்துக்கொள்ளவும் சாப்பாடு போடவும் தெரிந்த ஒரு ஆளையும் கூடவே அனுப்ப வேண்டும் என்றார் ராணி.

எலியைப் பிடித்துத் தின்கிற பூனைக்கு எதற்குத் தனியாகச் சாப்பாடு என்று பலரும் நினைப்பார்கள். பட்டினி போட்டால்தான் எலி பிடிக்கும் என்ற நம்பிக்கை எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் பூனை பசிக்காக மட்டும் வேட்டையாடுகிற பிராணி இல்லை. வயிறு நிறைந்திருந்தாலும் ஓடுகிற எலியைப் பார்த்தால் பாயும். சரியாகச் சாப்பிடாத பூனை சோர்ந்துபோகும், இல்லை என்றால் சாப்பாடு கிடைக்கிற வேறு இடம் பார்த்துப் போய்விடும். 1745லேயே இது தெரிந்திருக்கிறது!

இப்போது நிற்கும் குளிர்கால அரண்மனை அதற்குப் பிறகு, 1754க்கும் 1762க்கும் நடுவில் கட்டப்பட்டது. 1764ல் ராணி இரண்டாம் கேத்தரின் பெர்லின் வியாபாரி ஒருவரிடமிருந்து இருநூறுக்கும் மேற்பட்ட ஓவியங்களை மொத்தமாக வாங்கினார். அதுதான் ஹெர்மிடாஜின் ஆரம்பம். ஓவியம் வந்த பிறகு பூனையின் வேலை இன்னும் முக்கியமானது. அந்தக் காலத்தில் துணியைப் பதப்படுத்த விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து காய்ச்சிய பசையைத் தடவி, அதன் மேல்தான் வண்ணம் பூசுவார்கள். எலிக்கு அந்தப் பசை நல்ல தீனி. விஷம் வைக்கலாம்தான். ஆனால் செத்த எலி சுவருக்குள் அழுகிக் கிடந்தால் யார் எடுப்பது?

வணிகவியல் பாஷையில் சொன்னால், அந்தக் காலத்தில் பூனை ஒரு சொத்து. வேலை செய்தது, பதிலுக்குச் சாப்பாடு கிடைத்தது. 1837ல் அரண்மனை தீப்பிடித்து எரிந்தது, திரும்பக் கட்டினார்கள். 1917ல் புரட்சி வந்தது, மன்னராட்சி போனது. அரண்மனை மக்களின் அருங்காட்சியகம் ஆனது. பூனைகள் மட்டும் போகவில்லை. பூனைக்கு எந்த அரசாங்கம் என்றாலும் ஒன்றுதான் :-)

872 நாட்கள்

1941 ஜூன் 22ல் ஹிட்லரின் படை சோவியத் யூனியனுக்குள் நுழைந்தது. அப்போது நகரத்தின் பெயர் லெனின்கிராட். ஹெர்மிடாஜின் இயக்குனர் ஒர்பெலி ஒரு நாளைக்கூட வீணாக்கவில்லை. ஊழியர்களும் தன்னார்வலர்களும் இரவு பகலாகப் பொருட்களைப் பெட்டிகளில் அடைத்தார்கள். ஜூலை மாதத்தில் இரண்டு ரயில்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் யூரல் மலைப் பக்கம் இருக்கும் ஸ்வெர்த்லோவ்ஸ்க் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. மூன்றாவது ரயில் புறப்படுவதற்குள் பாதை அடைபட்டுவிட்டது.

செப்டம்பர் 8ம் தேதி முற்றுகை முழுமையானது. அன்றைக்கே குண்டு வீச்சில் நகரத்தின் உணவுக் கிடங்குகள் எரிந்தன. அது முடிய 872 நாட்கள் ஆயின.

முதல் குளிர்காலம்தான் மிகக் கொடுமை. 1941 நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் கடைசி வரை, உடல் உழைப்புத் தொழிலாளர் அல்லாத ஒருவருக்கு ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டி. அதிலும் மாவு பாதி, கலப்படம் பாதி. விறகு இல்லை, மின்சாரம் இல்லை, குழாயில் தண்ணீர் உறைந்துபோனது. முற்றுகை முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தார்கள், பெரும்பாலும் பசியால்.

ஹெர்மிடாஜின் அடித்தளம் குண்டுவீச்சுப் புகலிடமாக மாறியது. பூனைகள் வாழ்ந்த அதே நிலவறைகளில் இப்போது சுமார் 2000 மனிதர்கள். ஓவியங்களைச் செப்பனிட வைத்திருந்த எண்ணெயில் சமைத்துச் சாப்பிட்டார்கள். தச்சுவேலைப் பசையைக் காய்ச்சிக் கூழாக்கிக் குடித்தார்கள். எலி தின்றுவிடக் கூடாது என்று இருநூறு வருடம் பூனை காவல் காத்த அதே மாதிரிப் பசை மனிதனின் உணவானது. மேலே கூடங்களில் ஓவியம் இல்லாத வெறும் சட்டங்கள் மட்டும் சுவரில் தொங்கின. ஓவியங்கள் திரும்பி வரும்போது எது எந்த இடம் என்று தெரிய வேண்டும் என்பதற்காக அவற்றை அப்படியே விட்டிருந்தார்கள்.

பூனைகள்?

எழுதக் கஷ்டமான விஷயம்தான், ஆனால் மறைக்கக் கூடாத விஷயம். லெனின்கிராட் மக்கள் பூனைகளைச் சாப்பிட்டார்கள். முதலில் தெருப் பூனை, பிறகு வீட்டுப் பூனை. பிள்ளையைக் காப்பாற்றுவதா, பிள்ளை மடியில் தூங்கிய பூனையைக் காப்பாற்றுவதா என்ற கேள்வி ஆயிரக்கணக்கான வீடுகளில் எழுந்தது. அதை வைத்து அந்த மக்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. பூனையைத் தானே சாப்பிட மனம் வராமல் பக்கத்து வீட்டோடு மாற்றிக்கொண்டவர்களும் இருந்தார்கள் என்று உயிர் தப்பியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மாக்சிம் என்ற ஒரே ஒரு பூனை முற்றுகை முழுவதும் பிழைத்ததாகவும், போருக்குப் பிறகு மக்கள் அதைப் பார்க்க வீடு தேடி வந்ததாகவும் ஒரு கதை அந்த ஊரில் உண்டு.

ஹெர்மிடாஜில் ஒரு பூனைகூட மிஞ்சவில்லை.

பூனை இல்லாத ஊரில் எலிகள் பெருகின. மிச்சம் மீதி இருந்த கொஞ்ச உணவையும் அவை தின்றன, நோயையும் பரப்பின. 1943 ஜனவரியில் முற்றுகை வளையத்தில் ஒரு சிறு வழி திறந்தது. அதன் வழியாக யாரோஸ்லாவ்ல் பகுதியிலிருந்து நான்கு ரயில் பெட்டி நிறையச் சாம்பல் நிறப் பூனைகள் வந்தன என்பது நகரத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. 1944 ஜனவரி 27ல் முற்றுகை முழுவதும் விலகியது. அதற்குப் பிறகு சைபீரியாவில் வீடு வீடாகப் பூனைகளைச் சேகரித்து அனுப்பினார்கள் என்றும் சொல்வார்கள். எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறும். பூனைகள் வெளியிலிருந்து வந்துதான் நகரத்தில் மறுபடி பூனைகள் உண்டாயின என்பதில் மட்டும் மாற்றுக் கருத்து இல்லை.

2000ம் ஆண்டில் நகரத்தின் மலாயா சதோவயா தெருவில் இரண்டு சின்னப் பூனைச் சிலைகளை வைத்தார்கள். எலிசேய் என்பது ஆண், வசிலிசா என்பது பெண். தெருவின் எதிரெதிர்க் கட்டிடங்களில், மேலே விளிம்பிலிருந்து இரண்டும் பார்க்கின்றன. போகிற வருகிறவர்கள் காசை வீசி எறிந்து, சிலைக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டால் அதிர்ஷ்டம் என்று நம்புகிறார்கள். விளையாட்டு மாதிரித்தான் தெரியும். ஆனால் அந்தச் சிலைகளுக்குப் பின்னால் இருப்பது முற்றுகையின் நினைவு.

1945ல் ஓவியங்கள் திரும்பி வந்தன. நவம்பரில் ஹெர்மிடாஜ் மீண்டும் திறந்தது. வெறும் சட்டங்கள் நிறைந்தன. அடித்தளத்துக்குப் பூனைகளும் திரும்பி வந்தன.

சொத்து, பொறுப்பு ஆனது

அடுத்த திருப்பம் 1991ல். சோவியத் யூனியன் கலைந்தது. நகரத்துக்குப் பழைய பெயர் திரும்பியது. 1992 ஜனவரியில் விலைக் கட்டுப்பாட்டை நீக்கினார்கள். அந்த ஒரே வருடத்தில் விலைவாசி இருபது மடங்குக்கும் மேல் ஏறியது. ஓய்வூதியம் வாங்கும் கிழவி ஒருத்தியின் வாழ்நாள் சேமிப்பு, சில மாதத்தில் சில ரொட்டிகளின் விலைக்குச் சமமானது.

இந்த மாதிரி நேரத்தில் முதலில் தெருவுக்கு வருவது வளர்ப்புப் பிராணிகள்தான். வயதானவர்கள் இறந்தார்கள், அவர்களுடைய பூனைகள் வெளியே விடப்பட்டன. வாடகை கொடுக்க முடியாதவர்கள் வீடு மாறினார்கள், பூனையை விட்டுப் போனார்கள். ஹெர்மிடாஜின் முற்றங்களும் நிலவறை ஜன்னல்களும் இவற்றுக்கு நல்ல புகலிடம். அடியில் ஓடும் வெப்பக் குழாய்களால் குளிர்காலத்திலும் அங்கே கதகதப்பு இருக்கும். மைனஸ் 20 டிகிரி குளிரில் ஒரு பூனைக்கு வேறு என்ன வேண்டும்? சாப்பாடுதான் வேண்டும். அதுதான் இல்லை.

அருங்காட்சியகத்திலேயே பணம் இல்லாத காலம் அது. ஊழியர்களுக்குச் சம்பளமே பெரிய பிரச்னை. இதில் பூனைக்கு எந்தக் கணக்கில் செலவு எழுதுவது?

இயக்குனர் பியோத்ரோவ்ஸ்கியின் உதவியாளராக இருந்த மரியா ஹல்துனென், 1990களின் நடுவில் ஒருநாள் அடித்தளத்துக்குப் போனார். இருட்டில் பசியோடு தன்னையே பார்த்துக்கொண்டிருந்த ஏகப்பட்ட பூனைகளைப் பார்த்தார். அவரும் இன்னும் சில ஊழியர்களும் உணவகத்தில் மிஞ்சியதைச் சேகரித்துக் கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்தார்கள். பிறகு "பூனைக்கு ஒரு ரூபிள்" என்று ஊழியர்களிடம் நன்கொடை திரட்டினார்கள். ஒரு ரூபிள் என்பது பெரிய காசு இல்லை. அதனால்தான் யாராலும் கொடுக்க முடிந்தது.

"பூனைக்கு யார் மணி கட்டுவது?" என்பது பழைய கேள்வி. பூனைக்கு யார் சோறு போடுவது என்பது அதைவிடக் கஷ்டமான கேள்வி. மணி ஒரு தடவை கட்டினால் போதும், சோறு தினமும் போட வேண்டுமே!

இந்த இடத்தில்தான் கதையின் கணக்கு மாறுகிறது. 1745ல் வந்த பூனை வேலைக்கு வந்த பூனை. 1990களில் வந்த பூனைகளை யாரும் வேலைக்கு அழைக்கவில்லை. அவற்றில் பல நோயாளிகள், கிழடுகள், சில ஊனமானவை. எலி பிடித்துக் கொடுத்துச் சாப்பாட்டுக்கு ஈடு செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது. ஐந்தொகைக் குறிப்பில் ஒரு பக்கம் சொத்துகள், மறுபக்கம் பொறுப்புகள். பூனை சொத்துப் பக்கத்திலிருந்து பொறுப்புப் பக்கத்துக்கு மாறியது. ஆனால் தமிழில் பொறுப்பு என்ற சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் இருக்கிறதே. ஹல்துனெனும் அவருடைய தோழிகளும் எடுத்துக்கொண்டது அந்த இரண்டாவது அர்த்தத்தை.

ஐம்பது பூனையை எப்படி வளர்ப்பது?

ஒரு பூனையை வளர்ப்பதும் ஐம்பது பூனையை வளர்ப்பதும் ஒன்றல்ல. பூனை தனக்கென்று இடம் வகுத்துக்கொள்ளும் பிராணி. எல்லாவற்றையும் ஒரே அறையில் அடைத்தால் சண்டைதான். பலமான பூனை தட்டை வளைத்துக்கொள்ளும், பயந்த பூனை பட்டினி கிடக்கும். ஒன்றுக்குச் சளி வந்தால் வாரத்துக்குள் எல்லாவற்றுக்கும் வரும்.

ஹெர்மிடாஜில் இதற்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு முறை உருவானது. அடித்தளத்தில் பூனைகளுக்கென்று அறைகளை ஒதுக்கினார்கள். கூடைகள், கம்பளித் துண்டுகள், பாத்திரங்கள், மண் தட்டுகள் வைத்தார்கள். தனியாகச் சமையல் நடக்கிறது. எந்தப் பூனைக்கு எது ஒத்துக்கொள்ளாது, எது கஞ்சி குடிக்கும், எது மீன் மட்டும் தின்னும் என்பது பார்த்துக்கொள்பவர்களுக்கு மனப்பாடம். புதிதாக வரும் பூனைக்குத் தடுப்பூசி போடுகிறார்கள், கருத்தடை செய்கிறார்கள். நோய் வந்ததைத் தனியாக வைத்துப் பார்க்கிறார்கள். பல பூனைகளுக்கு ஓவியர்களின் பெயர்தான். சாப்பாட்டு நேரத்தில் ரெம்ப்ராண்ட் என்று கூப்பிட்டால் ஓடி வரும் :-)

ஓவியக் கூடங்களுக்குள் பூனைகளுக்கு அனுமதி இல்லை. முற்றத்திலும் நதிக்கரைப் பக்கமும் வெயில் காயலாம். அங்கே எலியைவிடப் பெரிய ஆபத்து கார். பின்பக்கம் வருகிற வண்டிகளுக்குக் கீழே கதகதப்பு தேடிப் படுத்த பூனைகள் செத்திருக்கின்றன. அதனால் 'பூனைகள் ஜாக்கிரதை' என்று ஓட்டுனர்களுக்கு அறிவிப்புப் பலகை வைத்தார்கள்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டமான முடிவு, எத்தனை என்பது. இரக்கம் இருக்கிறது என்று வருகிற பூனையை எல்லாம் சேர்த்துக்கொண்டால் கொஞ்ச நாளில் எந்தப் பூனைக்கும் சரியான கவனிப்பு இருக்காது. தனி வீடுகளில் மிருக இரக்கம் உள்ளவர்கள் பலர் விழும் குழி இதுதான். ஹெர்மிடாஜில் கிட்டத்தட்ட 50 என்று ஒரு அளவு வைத்தார்கள். அதற்கு மேல் வருவதற்கு நல்ல வீடு தேடினார்கள். தத்தெடுக்க வருபவரிடம் பேசிப் பார்த்து, நம்பிக்கை வந்தால்தான் கொடுப்பார்கள். ஹெர்மிடாஜ் பூனையின் உரிமையாளர் என்று சான்றிதழும் உண்டு. இந்தத் திட்டம் வந்த பிறகு ஒரு சிக்கலும் வந்தது. ராஜபோக வாழ்க்கை கிடைக்கும் என்று நம்பி மக்கள் தங்கள் வீட்டுப் பூனைகளைக் கொண்டுவந்து அரண்மனை வாசலில் விட ஆரம்பித்தார்கள். நல்ல காரியத்துக்குக் கிடைத்த பெயரே அதற்குப் பாரமானது.

பணம்? அருங்காட்சியகத்தின் வரவு செலவுத் திட்டத்திலிருந்து இல்லை. நன்கொடைதான். ஊழியர்கள், உள்ளூர் மக்கள், வெளிநாட்டுப் பயணிகள் கொடுப்பது. பிற்பாடு ஆண்டுக்கு ஒருமுறை ஹெர்மிடாஜ் பூனை தினம் என்று கொண்டாட ஆரம்பித்தார்கள். 2018 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது அகில்லஸ் என்ற வெள்ளைப் பூனை, இரண்டு நாட்டுக் கொடி வைத்த கிண்ணங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஜெயிக்கப்போவது யார் என்று ஜோசியம் சொல்லிப் பிரபலமானது. அதற்குப் பிறவியிலேயே காது கேட்காது. கூட்டத்தின் சத்தம் அதைப் பாதிக்காது என்பதால்தான் அந்த வேலைக்குத் தேர்ந்தெடுத்தார்களாம். 2020ல் பிரான்ஸ் நாட்டுக்காரர் ஒருவர் தன் உயிலில் ஹெர்மிடாஜ் பூனைகளுக்கு ஒரு சிறு தொகையை எழுதி வைத்திருந்த செய்தி வந்தது. பெரிய தொகை இல்லை. ஆனால் கடைசிக் கணக்கை எழுதும்போது எங்கேயோ ஒரு நிலவறையில் இருக்கும் பூனைகள் ஒருவருக்கு நினைவுக்கு வந்திருக்கின்றன.

என்ன லாபம்?

இந்தப் பூனைகள் இன்றைக்கு எலி பிடிக்கின்றனவா என்றால், பெரிதாக இல்லை. பூனை வாசனை இருந்தாலே எலி அண்டாது என்கிறார்கள். நவீன அருங்காட்சியகத்துக்கு எலியை ஒழிக்க வேறு வழிகளும் இருக்கின்றன. ஆகவே லாப நட்டக் கணக்குப் பார்த்தால் ஐம்பது பூனையை வைத்திருக்க அவசியமே இல்லை.

ஆனால் அந்த நகரத்தின் கணக்கில் வேறு ஒரு பழைய பாக்கி இருக்கிறது. ஒரு குளிர்காலத்தில் அந்த மக்கள் தங்கள் பூனைகளைக் கொன்று உயிர் பிழைத்தார்கள். வேறு வழி இல்லாமல் செய்தது அது. அந்தத் தலைமுறையின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், 1990களில் மறுபடி கஷ்டம் வந்தபோது, தங்கள் சாப்பாட்டில் மிஞ்சியதையும் சம்பளத்தில் ஒரு ரூபிளையும் பூனைக்குக் கொடுத்தார்கள். பாக்கியைத் தீர்க்கிறோம் என்று யாரும் சொல்லிச் செய்யவில்லை. பசித்த பூனையைப் பார்த்தார்கள், போட்டார்கள், அவ்வளவுதான்.

அங்கே கேத்தரின் வாங்கிய ஓவியங்களைப் பார்க்கத்தான் இன்றைக்கும் கூட்டம் வருகிறது. எலிசபெத் ராணி பெயரைச் சொல்லி அங்கே யாரும் வரிசையில் நிற்பதில்லை. ஆனால் பூனையோடு அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளையும் அனுப்பு என்று அவர் போட்ட உத்தரவின் இரண்டாவது பாதி இன்னமும் அமலில் இருக்கிறது, தினமும் காலையில், அடித்தளத்தில், சாப்பாட்டு நேரத்தில்.